பெரிய டெக் கம்பெனி வேலை: வேலூர்ப் பக்கத்திலிருந்து கிளம்புகிறவர்களுக்கு

நான் குடியாத்தத்துக்காரன். திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கும் ஒரு கல்லூரியில் படித்தேன். சென்னையில் ஒரு சர்வீஸ் கம்பெனியில், அதாவது மற்ற கம்பெனிகளுக்கு மென்பொருள் வேலை செய்து தரும் இடத்தில், இரண்டரை வருடம் ஓட்டினேன். இப்போது பெங்களூரில் பெரிய டெக் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறேன். அந்த வேலைக்கு முன் மூன்று இன்டர்வியூக்களில் தோற்றேன். ஒன்றில் விடை தெரியவில்லை. இன்னொன்றில் விடை தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. மூன்றாவதில் கரண்ட் போய்விட்டது. நான்காவதில் ஆஃபர் வந்தது. ஆனால் என் பெயரில் இருந்த ஓர் இனிஷியலால் ஐந்து வாரம் தொங்கினேன்.

விடை தெரியாமல் போனதைத் தவிர மற்ற மூன்றையும் யாராவது முன்பே சொல்லியிருந்தால் தவிர்த்திருக்கலாம். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். சாஃப்ட்வேர் எழுதும் வேலையை மனதில் வைத்தே எழுதுகிறேன், டெஸ்டிங், சப்போர்ட் வேலைகளுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

1. முதலில் பேப்பர்களைச் சரி செய்யுங்கள்

எல்லோரும் கோடிங்கில்தான் ஆரம்பிப்பார்கள். நீங்கள் சான்றிதழ்களில் ஆரம்பியுங்கள். இந்த வேலை மெதுவாக நகரும். நீங்கள் படிக்கிற நேரத்தில் இது பக்கத்தில் தானாக ஓடிக்கொண்டிருக்கும்.

பத்தாவது மார்க் ஷீட், ஆதார், பான் கார்டு, பாஸ்போர்ட், வங்கிக் கணக்கு. ஐந்தையும் ஒரே மேசையில் வைத்து, பெயரை எழுத்து எழுத்தாகப் பாருங்கள். நம் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதல் எழுத்துதான் இனிஷியல். இங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. மார்க் ஷீட்டில் பெயருக்குப் பின்னால் இனிஷியல் இருக்கும். ஆதாரில் முன்னால் இருக்கும், சிலருக்கு இருக்கவே இருக்காது. பான் விண்ணப்பத்தில் இனிஷியலை ஏற்பதில்லை, விரித்து எழுதச் சொல்வார்கள். அதனால் பான் கார்டில் அப்பாவின் முழுப் பெயர் வந்து உட்கார்ந்துவிடும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் சிலர் அப்பா பெயரைப் போட்டிருப்பார்கள், சிலர் அதை வெறுமையாக விட்டிருப்பார்கள். நமக்கு எல்லாம் ஒரே ஆள். ஆஃபர் வந்ததும் உங்கள் பேப்பர்களைச் சரிபார்க்கும் வெரிஃபிகேஷன் கம்பெனியின் கணினிக்கு நான்கு ஆட்கள்.

செய்ய வேண்டியது இதுதான். பத்தாவது மார்க் ஷீட்டை அடிப்படையாக எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அதை மாற்றுவதுதான் எல்லாவற்றிலும் கடினம். இனிஷியலை விரித்தால் வருகிற பெயரை முடிவு செய்து, ஆதாரையும் பானையும் அதற்கு இணங்க வையுங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும். அதனால் அவசரமாக ஏதோ ஒரு சென்டரில் கொடுத்து, அவர்கள் தப்பாக அடித்து, ஒரு வாய்ப்பை வீணாக்காதீர்கள். ஒப்புகைச் சீட்டைக் கையில் வாங்கி, தமிழ் எழுத்தையும் ஆங்கில எழுத்தையும் அங்கேயே நின்று படியுங்கள். பான் இல்லாதவர்கள் ஆதாரை வைத்து வருமான வரித் துறைத் தளத்தில் இ-பான் எடுக்கலாம், காசு கிடையாது. அதற்கும் ஆதார் பெயர்தான் போகும் என்பதால் ஆதாரை முதலில் சரி செய்யுங்கள்.

பாஸ்போர்ட் கட்டாயம் இல்லை. ஆனால் இருந்தால் வெரிஃபிகேஷன் சுலபம். 36 பக்கப் புத்தகத்துக்குக் கட்டணம் 1,500 ரூபாய். தட்கலில் போனால் இன்னொரு 2,000. ஆஃபர் வந்த பிறகு தட்கலில் ஓடுவதைவிட இப்போதே சாதாரண முறையில் போட்டுவிடுவது நல்லது. போலீஸ் வெரிஃபிகேஷனுக்கு வரும்போது வீட்டில் ஆள் இருக்க வேண்டும். நீங்கள் சென்னையில் ரூம் எடுத்துக்கொண்டு விலாசம் குடியாத்தத்தைக் கொடுத்தால் அலைச்சல் உங்களுக்குத்தான்.

கல்லூரிச் சான்றிதழ்களில் ஒவ்வொரு செமஸ்டர் மார்க் ஷீட், ஒருங்கிணைந்த மார்க் ஷீட், புரொவிஷனல், கிடைத்திருந்தால் பட்டச் சான்றிதழ் எல்லாவற்றையும் வண்ணத்தில் ஸ்கேன் செய்து வையுங்கள். போனில் எடுத்த போட்டோவை, அதுவும் விரல் நிழல் விழுந்ததை, அனுப்பாதீர்கள். பட்டச் சான்றிதழ் வாங்காமல் விட்டவர்கள் உடனே விண்ணப்பியுங்கள். கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையே அது எவ்வளவு நாள் நடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. என்னுடையதற்கு, பல்கலைக்கழகம் இருக்கும் சேர்க்காட்டுக்கு மூன்று முறை பஸ் ஏறினேன்.

ஒன்று கவனியுங்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், கெஸட்டட் ஆபீசர் கையெழுத்துப் போட்ட ஜெராக்ஸ், இவற்றையெல்லாம் யாரும் கேட்பதில்லை. நான் ஒரு பெரிய ஃபைல் நிறையக் கொண்டுபோய் அப்படியே திரும்பக் கொண்டுவந்தேன்.

2. எந்த வேலைக்குப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

ஆயிரக்கணக்கில் ஆள் எடுக்கும் சர்வீஸ் கம்பெனிகளின் தேர்வு வேறு, கூகுள், அமேசான், மைக்ரோசாஃப்ட் போன்ற கம்பெனிகளின் தேர்வு வேறு. முதல் வகையில் ஆப்டிட்யூட், ஆங்கிலம், கொஞ்சம் கோடிங், அப்புறம் ஹெச்ஆர். பத்தாவது முதல் பட்டம் வரை 60 சதவீதம் கேட்பார்கள், நிற்கிற அரியர் கூடாது என்பார்கள். இரண்டாவது வகையில், நேரடியாக விண்ணப்பிக்கும்போது மார்க்கைவிட கோடிங்தான் பேசும். ஜோஹோ இந்த இரண்டிலும் சேராது. பட்டத்தையே பெரிதாகப் பார்க்காமல் புரோகிராம் எழுத வைத்துப் பார்க்கிற கம்பெனி அது. நம் பக்கத்து ஆட்களுக்கு அது நல்ல வழி என்பது என் எண்ணம்.

ஒரே தயாரிப்பில் எல்லாவற்றுக்கும் போய்விடலாம் என்று நினைத்துத்தான் நான் முதல் முறை தோற்றேன்.

3. ரெஸ்யூமே

ஒரே பக்கம், பிடிஎஃப். போட்டோ வேண்டாம். அப்பா பெயர், மதம், திருமண நிலை, வீட்டுக் கதவு எண் எதுவும் வேண்டாம். கடைசியில் “மேற்கண்டவை உண்மை என உறுதி கூறுகிறேன்” என்று ஆங்கிலத்தில் ஒரு பத்தி போட்டுக் கையெழுத்து வைக்கிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். கல்லூரியில் கொடுத்த மாதிரியிலிருந்து வந்த வியாதி அது.

செய்த வேலையை எண்ணோடு எழுதுங்கள். “பில்லிங் மென்பொருளில் வேலை செய்தேன்” என்பது ஒன்றும் சொல்லவில்லை. “ராத்திரி ஓடும் ரிப்போர்ட் 40 நிமிடம் எடுத்தது, இன்டெக்ஸ் போட்டு 6 நிமிடத்துக்குக் கொண்டுவந்தேன்” என்றால் எதிரில் இருப்பவர் அதைப் பிடித்துக் கேள்வி கேட்பார், நீங்களும் தெரிந்ததைப் பேசலாம். புதிதாகப் படித்து முடித்தவர்கள் இணையத்தில் இறக்கிய ஃபைனல் இயர் புராஜெக்டைப் போடாதீர்கள். இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். அப்பாவின் லுங்கி வியாபாரத்துக்கு ஒரு சின்னக் கணக்கு ஆப் எழுதியிருந்தால் அதைப் போடுங்கள். அதில் ஒவ்வொரு வரியும் உங்களுடையது.

4. ரெஃபரல் கேளுங்கள், காசு கொடுக்காதீர்கள்

கம்பெனியின் வேலைவாய்ப்புப் பக்கத்தில் நேரடியாக விண்ணப்பிக்கலாம். ஆனால் உள்ளே வேலை செய்பவர் ஒருவர் உங்கள் பெயரைப் போட்டால் ரெஸ்யூமேயை ஒரு மனிதர் பார்க்கும் வாய்ப்பு கூடுகிறது. அதற்கு மேல் ரெஃபரலுக்குச் சக்தி கிடையாது, இன்டர்வியூவில் அது உதவாது.

முன்பின் தெரியாதவரிடமும் கேட்கலாம். “அண்ணா, வேலை இருந்தால் சொல்லுங்க” என்று மட்டும் அனுப்பினால் பதில் வராது. அவருக்கு வேலை வைக்காதபடி அனுப்புங்கள்: எந்த வேலை, அதன் எண், உங்கள் ரெஸ்யூமே, நீங்கள் ஏன் பொருந்துவீர்கள் என்று மூன்று வரி. எனக்கு இப்போது இப்படிச் செய்தி வந்தால் இரண்டு நிமிடத்தில் போட்டுவிடுகிறேன். மற்றவை அப்படியே கிடக்கின்றன, தப்பாக நினைக்க வேண்டாம்.

வேலூரில் டீக்கடைப் பெஞ்சு வரைக்கும் “பேக் டோர்ல வாங்கித் தர்றேன்” என்று ஆள் உண்டு. இரண்டு லட்சம், மூன்று லட்சம் என்பார்கள். லேப்டாப் டெபாசிட், டிரெய்னிங் கட்டணம், வெரிஃபிகேஷன் கட்டணம் என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் அது மோசடி. உண்மையான கம்பெனி வேலைக்கு ஒரு ரூபாய் வாங்காது. மின்னஞ்சல் கம்பெனியின் சொந்த முகவரியிலிருந்து வருகிறதா, இலவச முகவரியிலிருந்தா என்று பாருங்கள். பணத்தை அனுப்பிவிட்டீர்கள் என்றால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, போகிற பணத்தை நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

5. கோடிங் தயாரிப்புக்கு நான்கு மாதம் ஒதுக்குங்கள்

வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவருக்கு நான்கு மாதம், தினமும் ஒன்றரை மணி நேரம். இது என் கணக்கு. ஒரே மொழியைப் பிடித்துக்கொள்ளுங்கள்: ஜாவா, பைத்தான், சி++, எதுவானாலும் சரி. அர்ரே, ஸ்ட்ரிங், ஹேஷ் மேப், லிங்க்டு லிஸ்ட், ஸ்டாக், கியூ, மரங்கள், ஹீப், கிராஃப், பைனரி சர்ச், ரிகர்ஷன், கடைசியாக டைனமிக் புரோகிராமிங் என்ற வரிசையில் போங்கள். கோடிங் கணக்குகளைப் போட்டுப் பழகும் லீட்கோடு தளத்தில் காசு கட்ட வேண்டாம், இலவசமாக இருக்கிற கணக்குகளே போதும். எளிதானவற்றில் ஐம்பது, நடுத்தரத்தில் நூறு ஒழுங்காகப் போட்டால் போதும் என்பேன். ஐந்நூறு கணக்கை விடை பார்த்துப் பார்த்து முடித்தவர்களையும் எனக்குத் தெரியும். கொஞ்சம் மாற்றிக் கேட்டால் நின்றுவிடுவார்கள். ஒரு கணக்கில் 40 நிமிடம் முட்டுங்கள், முடியவில்லை என்றால் விடையைப் பாருங்கள், மூன்று நாள் கழித்து அதையே வெறும் தாளில் எழுதுங்கள்.

தாளில் எழுதுவது முக்கியம். பல கம்பெனிகளில் கோடை ஓட்டிப் பார்க்க விடமாட்டார்கள், வெறும் எழுத்துப் பக்கத்தில்தான் எழுத வேண்டும். செமிகோலனைச் சிவப்பில் காட்டிக் கொடுக்க அங்கே யாரும் இல்லை.

மூன்று, நான்கு வருட அனுபவம் உள்ளவர்களுக்கு சிஸ்டம் டிசைன் என்று, ஒரு பெரிய மென்பொருளின் மொத்த அமைப்பைத் திட்டமிடச் சொல்லும் ஒரு சுற்று சேரும். புதிதாக வருகிறவர்கள் அதற்காகப் பயப்பட வேண்டாம்.

6. வாயைத் திறந்து யோசியுங்கள்

இந்தப் பகுதியை மட்டுமாவது இரண்டு முறை படியுங்கள்.

நம் பள்ளிக்கூடத்தில் கணக்கு என்றால் தலையைக் குனிந்து போடுவது. பேசினால் அடி விழும். பதினைந்து வருடம் அப்படிப் பழகிவிட்டு, இன்டர்வியூவில் கேள்வியைக் கேட்டதும் நான் இருபது நிமிடம் ஊமை மாதிரி உட்கார்ந்திருந்தேன். பிறகு சரியான கோடை எழுதிக் காட்டினேன். தேர்வாகவில்லை. எதிரில் இருப்பவர் மார்க் போடுவது விடைக்கு மட்டும் இல்லை. நீங்கள் எப்படி யோசிக்கிறீர்கள் என்று தன் குறிப்பில் ஒரு பக்கம் எழுத வேண்டும். நான் பேசாததால் அவருக்கு எழுத ஒன்றும் இல்லை.

ஒரு சின்ன உதாரணம். நேதாஜி மார்க்கெட் கடை ஒன்றின் விலைப்பட்டியலைக் கொடுத்து, எந்த இரண்டு பொருளைச் சேர்த்தால் சரியாக 500 ரூபாய் வரும் என்று கண்டுபிடிக்கச் சொல்கிறார்கள். உடனே கோடு எழுதக் கூடாது. முதலில் கேளுங்கள்: ஒரே விலை இரண்டு முறை வருமா? ஒரே பொருளை இரண்டு தடவை எடுக்கலாமா? பட்டியல் வரிசைப்படுத்தப்பட்டதா? ஒரு ஜோடியும் இல்லை என்றால் என்ன திருப்பித் தர வேண்டும்? வேண்டுமென்றே சில விஷயங்களைச் சொல்லாமல் விட்டிருப்பார்கள்.

அப்புறம் எளிய வழியைச் சொல்லுங்கள்: ஒவ்வொரு பொருளையும் மற்ற எல்லாவற்றோடும் கூட்டிப் பார்க்கலாம். ஒரு லட்சம் பொருள் இருந்தால் ஏறக்குறைய 500 கோடி கூட்டல், அதனால் இது வேலைக்கு ஆகாது. இதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு நல்ல வழி: ஒவ்வொரு விலையையும் பார்க்கும்போது, 500-க்கு இன்னும் எவ்வளவு வேண்டுமோ அதை ஏற்கனவே பார்த்திருக்கிறோமா என்று, பார்த்ததைக் குறித்து வைத்துச் சட்டென்று தேட உதவும் ஹேஷ் மேப்பில் தேடினால் ஒரே ஓட்டத்தில் முடிந்துவிடும், அதற்கு விலையாக நினைவகம் கொஞ்சம் கூடுதலாகப் போகும். “இப்படிப் போகலாமா?” என்று கேட்டுவிட்டு எழுதுங்கள். எழுதி முடித்ததும் நான்கு எண்களைப் போட்டு, கோடை வரி வரியாக நீங்களே ஓட்டிக் காட்டுங்கள். தப்பு இருந்தால் அவர் சொல்வதற்கு முன் நீங்கள் பிடித்துவிடலாம்.

அவர் குறுக்கே ஒரு குறிப்புக் கொடுத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். அதை அவமானமாக நினைத்து என் வழியிலேயே போவேன் என்று நின்றால் நஷ்டம் உங்களுக்கு.

இதைப் பழக வழி: போனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டு, கணக்கைச் சத்தமாகப் பேசிக்கொண்டே போடுங்கள். முதல் நாள் கேட்டால் உங்களுக்கே சகிக்காது. ராணிப்பேட்டைத் தம்பி ஒருவனுக்கு நான் மாதிரி இன்டர்வியூ எடுத்தபோது, “இன்னாப்பா யோசிக்கிற, சொல்லேன்” என்று பத்து முறையாவது கேட்டிருப்பேன். மூன்றாவது வாரம்தான் வாய் திறந்தான். இப்போது சென்னையில் நல்ல இடத்தில் இருக்கிறான். ஆங்கிலம் தடுமாறினால் பரவாயில்லை, சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள். தமிழ் மீடியத்தில் படித்தவர்களை உச்சரிப்பைக் காட்டி யாரும் வெளியே அனுப்புவதில்லை. பேசாமல் இருப்பவர்களைத்தான் அனுப்புகிறார்கள்.

7. வீட்டிலிருந்து இன்டர்வியூ என்றால்

முதல் சுற்றுகள் வீடியோவில்தான் நடக்கும். ஒவ்வொன்றும் 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம். தேதி கேட்கும்போது, உங்கள் பகுதியின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்று வருகிறது என்று பார்த்துவிட்டுத் தேதி கொடுங்கள். முந்தைய நாள் தினசரிகளின் வேலூர் பதிப்பிலும் போட்டிருப்பார்கள், அதையும் பாருங்கள். நான் பார்க்கவில்லை. காலை பத்தரைக்கு இன்டர்வியூ, ஒன்பதரைக்கு எங்கள் தெருவில் கரண்ட் இல்லை. லேப்டாப் பேட்டரி இருந்தது, மோடம் அணைந்துவிட்டது. போன் ஹாட்ஸ்பாட்டில் படம் உறைந்து உறைந்து நின்றது. மறு தேதி கேட்டேன், கொடுக்கவில்லை.

மோடத்துக்கென்றே சின்ன யுபிஎஸ் விற்கிறார்கள், இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். வாங்கி வையுங்கள். இரண்டாவது சிம்மில் டேட்டா போட்டு வையுங்கள். வீட்டில் இடம் இல்லை என்றால் காந்தி நகர், சத்துவாச்சாரி பக்கம் ரூம் எடுத்திருக்கும் நண்பரிடம் ஒரு மணி நேரம் கேளுங்கள். வீட்டில் அம்மாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள். இன்டர்வியூ நடுவில் காபி கொண்டுவந்து வைப்பது பாசம்தான், ஆனாலும் கதவைத் தாழ் போட்டுக்கொள்வது நல்லது. மே மாதம் என்றால் ஃபேன் சத்தம் மைக்கில் கேட்கும், ஹெட்செட் போடுங்கள்.

பக்கத்தில் இன்னொரு திரையில் ஏஐ வைத்து விடை பார்ப்பது, காதில் நண்பர் சொல்வது, இதெல்லாம் வேண்டாம். கண் நகர்வதை வைத்தே பிடித்துவிடுகிறார்கள். பிடித்தால் அந்தக் கம்பெனியின் கதவு பல வருடத்துக்குச் சாத்தப்படும்.

8. நேரில் கூப்பிட்டால்

பெங்களூர் என்றால் முதலில் அலுவலகம் எந்த மூலையில் இருக்கிறது என்று பாருங்கள். ஒயிட்ஃபீல்டு பக்கம் என்றால் காட்பாடியில் ரயில் ஏறி, பெங்களூர் வரை போகாமல் கிருஷ்ணராஜபுரத்திலேயே இறங்குங்கள். அங்கிருந்து மெட்ரோவில் ஒயிட்ஃபீல்டு. நகரத்தின் நடுவே இருக்கும் மெஜஸ்டிக் வரை போய்த் திரும்பி வந்தால் ஒன்றரை மணி நேரம் வீண். எலக்ட்ரானிக் சிட்டி என்றால் ரயிலே வேண்டாம். வேலூரிலிருந்து கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் போகும் பஸ் அந்த வாசலைத் தாண்டித்தான் போகிறது. ஏறும்போது ஓசூர் வழியா என்று கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சென்னையில் போரூர், மணப்பாக்கம் பக்கம் என்றால் பஸ்ஸில் பூந்தமல்லியில் இறங்குங்கள். தரமணி, ஓஎம்ஆர் என்றால் ரயிலில் சென்ட்ரல் போய், எதிரே பூங்கா நகர் நிலையத்தில் வேளச்சேரி செல்லும் பறக்கும் ரயிலைப் பிடிக்கலாம். காட்பாடி–சென்னை இரண்டாம் வகுப்பு இருக்கை நூறு ரூபாய் அளவில்தான் வரும். காலை பத்து மணி இன்டர்வியூவுக்கு அன்று காலை கிளம்புவது சூதாட்டம். முந்தின நாளே போய்த் தெரிந்தவர் ரூமில் தங்குங்கள். நான்கு, ஐந்து சுற்று ஒரே நாளில் நடக்கும், தூக்கம் வேண்டும். பயணச் செலவைக் கம்பெனி தருமா என்று, கம்பெனியில் ஆள் எடுக்கும் வேலையைப் பார்க்கும் ரெக்ரூட்டரிடம் கேளுங்கள். கேட்டால் பல இடங்களில் தருவார்கள், கேட்காவிட்டால் தாமாகச் சொல்வதில்லை.

9. கதை சொல்லும் சுற்று

“உங்கள் மேனேஜரோடு ஒத்துப்போகாத ஒரு சமயம் சொல்லுங்கள்.” இப்படிக் கேட்டால் “அப்படி எதுவும் நடந்ததில்லை சார்” என்பதுதான் நம் ஊர் மரியாதை. அங்கே அது தோல்வி. அமேசான் தன் 16 தலைமைக் கொள்கைகளை வெளிப்படையாகவே போட்டு வைத்திருக்கிறது, கேள்விகள் அதிலிருந்துதான் வரும். டீமுக்குச் சம்பந்தமில்லாத ஒருவரும் இன்டர்வியூ எடுப்பார், அவர் வேண்டாம் என்றால் பெரும்பாலும் வேண்டாம்தான்.

உங்கள் வாழ்க்கையிலிருந்து ஆறு சம்பவங்களை எழுதி வையுங்கள். என்ன நிலைமை, உங்கள் பொறுப்பு என்ன, நீங்கள் என்ன செய்தீர்கள், கடைசியில் என்ன ஆனது. “நாங்கள் செய்தோம்” என்று அடக்கமாகச் சொல்லாதீர்கள், “நான் செய்தேன்” என்று சொல்லுங்கள். ஒரு தோல்விக் கதை கட்டாயம் வேண்டும். வாடிக்கையாளர்கள் பயன்படுத்திக்கொண்டிருந்த சர்வரில் நான் தப்பான கோப்பை ஏற்றிய கதையைச் சொன்னேன். அதைச் சொன்னபோதுதான் எதிரில் இருந்தவர் முதல் முறையாகச் சிரித்தார்.

தோற்றால் மறுபடி அதே கம்பெனிக்கு விண்ணப்பிக்கப் பொதுவாக ஆறு மாதம் முதல் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். அதனால் ஆசைப்பட்ட கம்பெனியை முதல் இன்டர்வியூவாக வைக்காதீர்கள்.

10. ஆஃபரைப் பிரித்துப் படியுங்கள்

எனக்கு விண்ணப்பித்த நாளிலிருந்து ஆஃபர் கைக்கு வர 71 நாள் ஆனது. கடைசிச் சுற்றுக்கும் முடிவுக்கும் நடுவே மூன்று வாரம் ஒரு வார்த்தை இல்லை. வாரம் ஒரு முறை ரெக்ரூட்டருக்கு மின்னஞ்சல் போடலாம், தினமும் போடாதீர்கள்.

ஆஃபரில் வருடத்துக்கு என்று ஒரு பெரிய எண் இருக்கும். அதைப் பன்னிரண்டால் வகுத்து அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள், நான் சொல்லி மாட்டிக்கொண்டேன். அதற்குள் கம்பெனி கட்டும் பிஎஃப், கிராஜுவிட்டி, போனஸ், பங்குகள் எல்லாம் அடக்கம். மாதம் கையில் வருவது எவ்வளவு என்று நேராகக் கேளுங்கள். சேரும்போது தரும் போனஸை ஒரு வருடத்துக்குள் விலகினால் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும். பங்குகள் பொதுவாக நான்கு வருடத்தில் பிரித்து வரும். எல்லா இடத்திலும் சமமாகப் பிரிப்பதில்லை: அமேசானில் நெடுநாளாக இருந்த வழக்கம் 5, 15, 40, 40 சதவீதம். இரண்டு வருடத்தில் விலகினால் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பாகம்தான் கைக்கு வரும். பங்கு கைக்கு வரும் நாளிலேயே அது சம்பளமாகக் கணக்கிடப்பட்டு வரி பிடிக்கப்படும். அமெரிக்கப் பங்கு வைத்திருந்தால் வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்துப் பகுதியிலும் காட்ட வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள், அபராதம் பெரியது.

சம்பளத்தைக் கூட்டிக் கேட்கலாம். கேட்டதற்காகப் பொதுவாக யாரும் ஆஃபரைப் பிடுங்குவதில்லை. ஒரு முறை, மரியாதையாக, காரணத்தோடு கேளுங்கள்.

11. ராஜினாமாவும் வெரிஃபிகேஷனும்

கையெழுத்தான ஆஃபர் லெட்டர் வராமல் பழைய வேலையை விடாதீர்கள். வாய்மொழியாகச் சொன்னதை நம்பிக் கடிதம் கொடுத்துவிட்டு இரண்டு மாதம் வீட்டில் உட்கார்ந்தவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார். ராஜினாமா கொடுத்த பிறகும் வேலை பார்க்க வேண்டிய நோட்டீஸ் பீரியட் சர்வீஸ் கம்பெனிகளில் பெரும்பாலும் 90 நாள். புது இடத்தில் இதை முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள்.

வெரிஃபிகேஷனுக்குக் கேட்பவை: ரிலீவிங் லெட்டர், அனுபவச் சான்றிதழ், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, சம்பளத்தில் பிடித்த வரிக்கான சான்றான படிவம் 16, யுஏஎன் என்கிற உங்கள் பிஎஃப் எண், படிப்புச் சான்றிதழ்கள், ஆதார், பான். கடைசி வேலை நாளுக்கு முன்பே சம்பளச் சீட்டுகளை இறக்கிச் சொந்த மின்னஞ்சலில் வையுங்கள். லேப்டாப்பைக் கொடுத்த மறு நிமிடம் உள்ளே நுழைய முடியாது. என் பழைய கம்பெனி ரிலீவிங் லெட்டரை 40 நாள் இழுத்தது, ஒவ்வொரு திங்கட்கிழமையும் போன் போட்டேன். எந்தக் கம்பெனியிடமும் ஒரிஜினல் சான்றிதழை விட்டுவைக்காதீர்கள். காட்டலாம், ஜெராக்ஸ் கொடுக்கலாம், அவ்வளவுதான்.

இருந்த வேலையை மறைப்பது, மாதங்களை நீட்டுவது வேண்டாம். பிஎஃப் பதிவில் சேர்ந்த தேதி, விலகிய தேதி எல்லாம் இருக்கிறது. இடைவெளி இருந்தால் உண்மையைச் சொல்லுங்கள். அம்மாவுக்கு அறுவை சிகிச்சை என்று ஆறு மாதம் வேலூரிலேயே இருந்த நண்பருக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை.

என் ஐந்து வாரக் கதை இங்கேதான் நடந்தது. மார்க் ஷீட்டில் இனிஷியல், பானில் அப்பாவின் முழுப் பெயர், ஆதாரில் வெறும் பெயர். நோட்டரியிடம் போய், மூன்றும் ஒரே ஆள்தான் என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கொடுத்தேன். அதை ஏற்றுக்கொண்டார்கள். சில கம்பெனிகள் அதையும் ஏற்காமல் அரசிதழில் பெயர் மாற்றம் கேட்பதுண்டு, அது மாதக் கணக்கில் ஆகும்.

12. சேர்ந்த பிறகு

சேரும் தேதியைக் கேட்டால் மாதத்தின் முதல் வாரத்தைச் சொல்லுங்கள். பதினைந்து, இருபது தேதிக்குப் பிறகு சேர்ந்தால் பல இடங்களில் சம்பளம் அடுத்த மாதத்தோடு சேர்ந்துதான் வரும். பெங்களூரில் வீட்டு அட்வான்ஸ் வாடகையைப் போல் ஆறு மடங்கு, சில இடத்தில் பத்து மடங்கு கேட்பார்கள். அதனால் முதல் மூன்று மாதம் பிஜி என்கிற தங்கும் விடுதியில் இருங்கள். அறுபதாயிரம் ரூபாய் கையில் வைத்துக்கொண்டு கிளம்பினால் பதற்றம் இல்லை.

முதல் மாதத்திலேயே முடிக்க வேண்டியவை மூன்று. பழைய கம்பெனியில் இந்த நிதியாண்டில் வாங்கிய சம்பள விவரத்தைப் புதிய இடத்தில் கொடுங்கள், இல்லாவிட்டால் இருவரும் தனித்தனியாகக் குறைவாக வரி பிடித்து, ஜூலையில் மொத்தமாக உங்கள் தலையில் விழும். பழைய பிஎஃப்பை எடுத்துச் செலவழிக்காமல் மாற்றிக்கொள்ளுங்கள். அப்பா, அம்மாவை மருத்துவக் காப்பீட்டில் சேருங்கள். இதற்குப் பெரும்பாலும் சேர்ந்த முப்பது நாள்தான் அவகாசம், விட்டால் அடுத்த வருடம்தான். வேலூரில் நீங்கள் வழக்கமாகப் போகும் மருத்துவமனை கேஷ்லெஸ் பட்டியலில் இருக்கிறதா என்றும் அப்போதே பாருங்கள்.

அலுவலகத்தில் யாரையும் சார், மேடம் என்று கூப்பிட மாட்டார்கள். எனக்கு இது பழக இரண்டு மாதம் ஆனது. ஐம்பது வயது மேனேஜரைப் பெயர் சொல்லிக் கூப்பிட நாக்கு வரவில்லை. நீங்கள் எழுதிய கோடில் முப்பது கமென்ட் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். அது திட்டு இல்லை, எல்லோருக்கும் அப்படித்தான். அரை நாள் முட்டியும் புரியவில்லை என்றால் கேளுங்கள். மூன்று நாள் மறைத்து வைப்பதுதான் அங்கே குற்றம். மேனேஜரோடு வாரம் ஒரு முறை தனியாகப் பேச நேரம் இருக்கும், “எல்லாம் நல்லா போகுது” என்று ஐந்து நிமிடத்தில் முடிக்காதீர்கள். என்ன செய்து முடித்தீர்கள் என்று வாரா வாரம் ஒரு கோப்பில் எழுதி வையுங்கள். மதிப்பீட்டு நேரத்தில் உங்கள் சார்பில் பேச அதைத் தவிர மேனேஜரிடம் வேறு ஒன்றும் இருக்காது.

ஊருக்கு வருவதற்கு ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பு திறக்கிறது. பொங்கலுக்கு என்றால் நவம்பர் நடுவிலேயே, திறக்கிற அன்று காலையில் எட்டு மணிக்கே உட்கார்ந்து, கிருஷ்ணராஜபுரம்–காட்பாடி போட்டுவிடுங்கள்.